பின் சக்கரத்துக்கும் நூல் பிடிப்போம்

எங்கள் வீட்டில் ஒரு புரோட்டான் வீரா இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே அப்பா வாங்கியது. நிறம் மங்கிவிட்டது, கதவோரத்தில் துரு எட்டிப் பார்க்கிறது. ஆனாலும் தைப்பிங் மழையிலும் ஈப்போ வெயிலிலும் எங்களை ஏற்றி இறக்கிய வண்டி அது. கடந்த பருவ விடுமுறையில் அந்த வண்டியின் பின் சக்கரங்களை நானும் அப்பாவும் மாமாவும் சேர்ந்து வீட்டு வாசலிலேயே நேராக்கினோம். மூன்று நாள் பிடித்த அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதை மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் அளக்கப் படிக்கிறோம். ஆனால், வீட்டில் ஒன்று கெட்டுப்போனால் அளந்து பார்ப்பதில்லை. யாரோ சொன்னதை நம்புகிறோம். இல்லையென்றால் யார்மீதாவது பழி போடுகிறோம். எங்கள் வீட்டில் அந்தப் பழி அப்பாமீது விழுந்தது. அதைப் போட்டவரும் அவரேதான்.

அப்பாவின் கை தளர்ந்ததா?

அப்பாவுக்கு வயது 59. இருபத்தெட்டு ஆண்டுகள் செம்பனை லோரி ஓட்டியவர். தோட்டத்துச் செம்மண் பாதையில் முழுப் பாரத்தோடு லோரியைப் பின்னால் எடுத்து நிறுத்தக்கூடியவர் என்று சித்தப்பா பெருமையாகச் சொல்வார்.

சென்ற ஆண்டு இறுதியில் ஒரு மழை நாள். ஈப்போவிலிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டிய பிறகு ஒரு வளைவில் வண்டியின் பின்பக்கம் சட்டென்று வாலாட்டியது. அப்பா பதறாமல் ஸ்டீரிங்கைப் பிடித்துச் சமாளித்துவிட்டார். பின் இருக்கையில் அம்மா ‘முருகா’ என்றதோடு சரி. வீடு வரும்வரை யாரும் பேசவில்லை.

மறுநாள் காலை அப்பா சாவியை என்னிடம் நீட்டினார். “கை பழைய மாதிரி இல்லம்மா. வயசாயிடுச்சி. இனிமே ஹைவேல நீயே ஓட்டு.”

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சில மாதங்களாகவே நேராகப் போகும்போது ஸ்டீரிங்கை இடப்பக்கம் சற்றுத் திருப்பியே பிடிக்க வேண்டியிருந்தது. இதற்காக அவர் ஒரு டயர் கடைக்கு இரண்டு முறை போயிருக்கிறார். முதல் முறை முன் சக்கரங்களுக்கு எலைன்மெண்ட் செய்து 35 ரிங்கிட் வாங்கினார்கள். சரியாகவில்லை. இரண்டாம் முறை போனபோது, “மெஷின்ல எல்லாம் சரியா காட்டுது அங்கிள். நீங்க ஒரு பக்கமா பிடிச்சே பழகிட்டீங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். “பின் சக்கரத்தைப் பார்த்தீங்களா?” என்று கேட்டதற்கு, “பின்னாடி எட்ஜஸ்ட் பண்ண ஒன்னும் இல்ல” என்ற பதில் கிடைத்திருக்கிறது. அப்பா அதை நம்பினார். இயந்திரம் சரி என்கிறது, கடைக்காரர் சரி என்கிறார். அப்படியானால் கோளாறு தன் கையில்தான் என்று முடிவு செய்துவிட்டார்.

நான் சாவியை வாங்கிக்கொண்டு கமுண்டிங் வரை ஓட்டிப் பார்த்தேன். எனக்கும் ஸ்டீரிங் இடப்பக்கம் சாய்ந்தே இருந்தது. மாலையில் அண்ணனை ஓட்டச் சொன்னேன். அவருக்கும் அப்படியே. மூன்று பேர் கையும் ஒரே நேரத்தில் தளர்ந்துவிடுமா?

விரலுக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரியவில்லை

நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. இயக்கவியல் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இருந்தும் அன்று என் முதல் கண்டுபிடிப்புக்குப் பாடப்புத்தகம் உதவவில்லை. வண்டியை நிறுத்தி, பின் டயரின் உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். அவ்வளவுதான்.

வெளியிலிருந்து பார்த்தால் டயரில் பட்டை நன்றாகவே இருந்தது. உள் ஓரமோ வழுக்கையாகிவிட்டிருந்தது. ஒரு திசையில் தடவினால் வழவழப்பு, எதிர்த்திசையில் தடவினால் இரம்பப் பல் போலச் சொரசொரப்பு. இரண்டு பின் டயர்களிலும் இதே கதை. மழைநீரை வெளியே தள்ள வேண்டிய பள்ளமே உள் ஓரத்தில் இல்லை. வளைவில் வண்டி ஏன் வாலாட்டியது என்பது அப்போது புரிந்தது.

டயர் இப்படித் தேய்வதற்குப் பெரும்பாலும் காரணம் ‘டோ’ என்று சொல்லப்படும் கோணம். ஒருவர் நடக்கும்போது இரண்டு பாதங்களும் நேர் முன்னே பார்க்க வேண்டும். சிலருக்குப் பெருவிரல்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும், சிலருக்கு வெளிநோக்கி. சக்கரங்களும் அப்படித்தான். மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் முன்பகுதி வண்டியின் பக்கம் சாய்ந்திருந்தால் ‘டோ-இன்’. வெளிப்பக்கம் விரிந்திருந்தால் ‘டோ-அவுட்’. டோ-அவுட் அதிகமானால் டயரின் உள் ஓரம் தேயும். அதுவும் பின் சக்கரங்களில் இருந்தால், திருப்பத்தில் வண்டியின் பின்பகுதி நிலையாக நிற்காது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. இடது பின் சக்கரமும் வலது பின் சக்கரமும் ஒரே அளவில் இல்லாவிட்டால், பின்பகுதி முழுவதும் ஒரு பக்கமாகத் தள்ளும். வண்டி நண்டு போலச் சற்றுச் சாய்ந்தே ஓடும். அதை நேராக ஓட்ட, ஓட்டுநர் ஸ்டீரிங்கை ஒரு பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். முன் சக்கரங்களை எத்தனை முறை சரிசெய்தாலும் இது தீராது. நோய் பின்னால் இருக்கும்போது மருந்தை முன்னால் தடவி என்ன பயன்? அதனால்தான் நான்கு சக்கரங்களையும் சரிபார்க்கும்போது பின் சக்கரங்களை முதலில் முடித்துவிட்டு, அதற்கு இணங்க முன் சக்கரங்களைச் சரிசெய்கிறார்கள்.

மாமாவின் நூல்

இதையெல்லாம் அப்பாவிடம் விளக்க முயன்றபோது எனக்குத் தமிழ் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் ‘கோணம்’ என்று படித்தேன். இடைநிலைப்பள்ளியில் அது ‘சுடுட்’ ஆனது. பல்கலைக்கழகத்தில் ‘எங்கிள்’. ஒரே பொருளுக்கு மூன்று மொழிகளில் பெயர் தெரியும். ஆனால், அப்பாவின் வண்டியில் அதை ஒருமுறைகூட நான் தேடிப் பார்த்ததில்லை.

நான் திக்கித் திணறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா சிரித்தார். அவர் முப்பது ஆண்டுகளாகக் கொத்தனார் வேலை செய்கிறவர். “இவ்வளவுதானா பாப்பா? சுவரு நேரா இருக்கான்னு எப்படிப் பாப்போம்? நூல் பிடிச்சிப் பாத்தாப் போச்சி” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. கணினி இயந்திரங்கள் வருவதற்கு முன்பு சக்கரங்களை நூல் கட்டியும் சரிபார்த்தார்கள். பந்தயக் கார்க் குழுக்கள் திடலில் இன்றும் நூல் கட்டி அளப்பதுண்டு. நான் அதை ஆங்கிலத்தில் தேடிப் படித்திருக்க வேண்டும். மாமாவின் பையில் அது தமிழிலேயே இருந்தது.

முதலில் அவர் வாசல் தரையைப் பார்த்தார். தண்ணீர் ஓடுவதற்காக எங்கள் வீட்டு வாசல் கால்வாய்ப் பக்கம் சரிவாகக் கட்டப்பட்டிருக்கிறது. தண்ணீர் நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாயை வைத்து மட்டம் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரங்களுக்கு அடியில் பழைய தரை ஓடுகளை அடுக்கினார். நான் நான்கு டயர்களிலும் கையேட்டில் உள்ளபடி காற்றைச் சமன் செய்தேன். ஸ்டீரிங்கை நேராக வைத்து அசையாமல் கட்டினோம்.

பிறகு இரண்டு பிளாஸ்டிக் குழாய்களை ஒரே அளவில் வெட்டி, இரண்டிலும் ஒரே இடைவெளியில் காடி போட்டோம். ஒன்றை வண்டிக்கு முன்னாலும் மற்றொன்றைப் பின்னாலும், சக்கரத்தின் நடு உயரத்தில் குறுக்காக வைத்தோம். காடிகளின் வழியாக இரண்டு பக்கமும் நைலான் நூலை இழுத்துக் கட்டினோம். இரண்டு நூல்களுக்கும் இடையே முன்னும் பின்னும் ஒரே அகலம். ஆகவே, நூல்கள் இணைகோடுகள்.

நூல்கள் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் மட்டும் போதாது, வண்டிக்கும் இணையாக இருக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்தும் நூல் எவ்வளவு தூரம் என்று அளந்தோம். முன் சக்கரங்களில் இடமும் வலமும் ஒரே அளவு வர வேண்டும். பின் சக்கரங்களிலும் அப்படியே. முன் அளவும் பின் அளவும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. ஏனென்றால் பல கார்களில் முன் சக்கரங்களுக்கு இடையிலான அகலமும் பின் சக்கரங்களுக்கு இடையிலான அகலமும் வேறுவேறு. இது தெரியாமல் நான்கையும் ஒன்றாக்கப் பார்த்து நான் ஒரு மணி நேரத்தை வீணாக்கினேன்.

அதன்பின் அளவு எளிது. நூலிலிருந்து ரிம்மின் முன் ஓரத்துக்கு ஒரு தூரம், பின் ஓரத்துக்கு ஒரு தூரம். முன் தூரம் கூடுதலாக இருந்தால் டோ-இன். குறைவாக இருந்தால் டோ-அவுட். ரிம் சற்று வளைந்திருக்கலாம் என்பதால், வண்டியைச் சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றும் அளவுக்கு உருட்டி, மறுபடி அளந்து சராசரி எடுத்தோம்.

வலது பின் சக்கரம் 1 மில்லிமீட்டர் உள்ளே. இடது பின் சக்கரம் 4 மில்லிமீட்டர் வெளியே. “ஒரு நூலுக்கு மேல தள்ளி நிக்குது” என்றார் மாமா. கொத்து வேலையிலும் தச்சு வேலையிலும் நூல் என்பது ஓர் அளவு. ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். நான் எழுதிவைத்த மில்லிமீட்டரும் மாமா சொன்ன நூலும் ஒத்துப்போயின.

4 மில்லிமீட்டர் என்றால் என்ன?

4 மில்லிமீட்டரா, இவ்வளவுதானா என்று அம்மா கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

எங்கள் வண்டியின் 14 அங்குல ரிம்மில் நாங்கள் அளந்த இரண்டு ஓரங்களுக்கும் இடையே 380 மில்லிமீட்டர். அதில் 4 மில்லிமீட்டர் என்பது 0.6 டிகிரி. இடது சக்கரம் 4 மில்லிமீட்டர் இடப்பக்கம் பார்க்கிறது, வலது சக்கரமும் 1 மில்லிமீட்டர் இடப்பக்கம் பார்க்கிறது. சராசரி 2.5 மில்லிமீட்டர். ஆகவே, வண்டியின் பின்பகுதி மொத்தமாக 0.38 டிகிரி இடப்பக்கம் தள்ளுகிறது. வண்டி நேராகப் போக முன் சக்கரங்களும் அதே 0.38 டிகிரி இடப்பக்கம் திரும்ப வேண்டும். சாதாரணக் கார்களில் முன் சக்கரம் 1 டிகிரி திரும்ப ஸ்டீரிங்கை 15 முதல் 20 டிகிரி வரை திருப்ப வேண்டியிருக்கும். அப்படியானால் ஸ்டீரிங் 6 முதல் 8 டிகிரி வரை சாய்ந்து நிற்கும். கடிகாரத்தில் நிமிட முள் ஒரு கோடு நகர்ந்தால் 6 டிகிரி. அப்பா பல மாதங்களாகக் கையில் உணர்ந்தது அந்த ஒரு கோடுதான். அவர் கை தளரவில்லை. அது மிகச் சரியாகவே வேலை செய்திருக்கிறது.

டயர் தேய்வுக்கும் கணக்கு உண்டு. இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பார்த்தால் 3 மில்லிமீட்டர் டோ-அவுட். இரண்டும் ஒரே வண்டியில் பூட்டப்பட்டிருப்பதால் வண்டி நடுவழியாகப் போகும், சறுக்கலை இரண்டு டயர்களும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும். ஆளுக்கு 1.5 மில்லிமீட்டர். 380-க்கு 1.5 என்றால் 1 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 4 மீட்டர். ஈப்போவுக்குப் போய் வர 150 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பின் டயரும் அந்தப் பயணத்தில் 600 மீட்டர் தூரம் பக்கவாட்டில் இழுக்கப்பட்டிருக்கிறது. கோணல் இடது சக்கரத்தில், தேய்மானம் இரண்டிலும்.

படிவம் மூன்றில் படித்த விகிதக் கணக்கு போதும் இதற்கு. பொறியியல் பட்டம் தேவையில்லை.

சரிசெய்த கதை

எல்லாக் கார்களிலும் பின் சக்கரத்தைச் சரிசெய்ய வழி இருக்காது. மைவி போன்ற வண்டிகளில் இரண்டு பின் சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சு இணைக்கிறது. அங்கே திருப்புவதற்குப் போல்ட் இல்லை. கோணம் தவறினால் அச்சு வளைந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். டயர் கடைக்காரர் சொன்னது அந்த வகை வண்டிகளுக்குப் பொருந்தும். எங்கள் வீராவில் பின் சக்கரங்கள் தனித்தனிக் கைகளில் தொங்குகின்றன. ஒரு கையின் உள்முனையில் உள்ள போல்ட்டின் தலையோடு ஒரு வட்டத் தகடு இருக்கும். போல்ட் அந்த வட்டத்தின் சரியான நடுவில் இராமல் சற்று ஒதுங்கியிருக்கும். அதனால் போல்ட்டைத் திருப்பினால் கை உள்ளேயோ வெளியேயோ நகரும், சக்கரத்தின் கோணம் மாறும்.

அடியில் போகுமுன் அப்பா சட்டம் போட்டார். லோரிக்காரர் அல்லவா! ஜெக்கை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது. கெட்டியான தரையில் இரண்டு பக்கமும் ஸ்டேண்ட் வைத்து, வண்டியை அசைத்துப் பார்த்த பிறகே போக வேண்டும். பின்பக்கத்தைத் தூக்கினால் கைப்பிரேக் பயன்படாது, ஏனென்றால் அது பிடிப்பது பின் சக்கரங்களைத்தான். ஆகவே முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுக்க வேண்டும். இதைப் படிக்கும் தம்பி தங்கைகள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ரப்பர் புஷ்கள் கிழிந்திருந்தால் எவ்வளவு நேராக்கினாலும் நிற்காது. கம்பியால் நெம்பிப் பார்த்தோம், எங்களுக்கு அவை நன்றாகவே இருந்தன. போல்ட் இருந்த பழைய நிலையை வெள்ளை மையால் குறித்துக்கொண்டோம். நட் துருப்பிடித்து இறுகியிருந்தது. இரண்டு இரவுகள் எண்ணெய் அடித்து ஊறவிட்ட பிறகுதான் அசைந்தது.

ஒவ்வொரு முறையும் சிறிது திருப்புவது, வண்டியை இறக்குவது, முன்னும் பின்னும் உருட்டுவது, பின்பக்கத்தை அமுக்கிவிட்டு மறுபடி அளப்பது என்று போனது. தூக்கிய வண்டியை இறக்கியவுடன் அளந்தால் அளவு பொய் சொல்லும். சக்கரம் உருண்டு, தன் இயல்பான இடத்தில் உட்கார வேண்டும். ஒன்பது முறை செய்தோம். ஒன்பதாவது முறை இடதும் 1 மில்லிமீட்டர் உள்ளே, வலதும் 1 மில்லிமீட்டர் உள்ளே. கையேடு சொன்ன வரம்புக்குள் வந்துவிட்டது. வண்டியின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போதே, கையேட்டில் உள்ள அளவுக்கு நட்டை முறுக்கினோம்.

அத்துடன் விட்டுவிடவில்லை. புதிய டயர்கள் இரண்டைப் போட்டுக்கொண்டு, நான்கு சக்கரங்களையும் ஒன்றாக அளக்கும் இயந்திரம் உள்ள ஒரு பட்டறைக்குப் போனோம். 60 ரிங்கிட் கட்டணம். திரையில் இடது பின் சக்கரம் 0.12 டிகிரி, வலது 0.18 டிகிரி என்று வந்தது. எங்கள் நூல் கணக்குப்படி இரண்டும் 0.15. முன் சக்கரங்களில் திருத்த அநேகமாக ஒன்றுமே இல்லை.

அங்கே வேலை செய்த மலாய் இளைஞருக்கு என் வயதுதான் இருக்கும். தொழிற்கல்லூரியில் படித்தவராம். “சியாப்பா புவாட்?” என்று கேட்டார். நூல் கட்டி நாங்களே செய்தோம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நூல் எந்த உயரத்தில் கட்டினோம், ரிம்மைச் சுற்றிப் பார்த்தோமா என்று சரியான கேள்விகளைக் கேட்டார். பிறகு திரையைக் காட்டி, பின் சக்கரங்கள் தள்ளும் கோடு என்றால் என்ன என்று ஐந்து நிமிடத்தில் எனக்கு விளக்கினார். நான் படித்த எந்தக் குறிப்பிலும் அவ்வளவு தெளிவு இல்லை.

நான் சொல்ல விரும்புவது

இனி என் கருத்துக்கு வருகிறேன்.

முதலாவது, அளப்பது யாரையும் அவமதிப்பதாகாது. “கடைக்காரரை நம்பவில்லையா?” என்று உறவினர் ஒருவர் கேட்டார். நம்புவதற்கும் நம்பாததற்கும் நடுவில் கேள்வி கேட்பது என்று ஒன்று இருக்கிறது. அந்த டயர் கடையில் இருந்த இயந்திரம் முன் சக்கரங்களை மட்டும் அளக்கக்கூடியது. அது பொய் சொல்லவில்லை, அதன் கண்ணுக்குப் பின் சக்கரம் தெரியவில்லை. நாங்கள் கையில் ஓர் அளவோடு போயிருந்தால் முதல் நாளே வேறு பட்டறைக்குப் போயிருப்போம். இரண்டு டயர்களும் மிஞ்சியிருக்கும். நெடுஞ்சாலையில் அந்த நொடியும் வந்திருக்காது.

இரண்டாவது, வீட்டில் செய்யக்கூடாத வேலையை ஏன் செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பயம் நியாயமானது. போல்ட்டைத் திருப்ப எல்லாரும் போக வேண்டாம். அதற்குக் கருவி வேண்டும், அனுபவமுள்ள பெரியவர் துணை வேண்டும், கடைசியில் இயந்திரத்தில் சரிபார்க்கவும் வேண்டும். ஆனால், டயரைத் தடவிப் பார்ப்பதற்கும் நூல் கட்டி அளப்பதற்கும் வண்டியைத் தூக்கக்கூடத் தேவையில்லை. வேண்டியது ஒரு நூலும் ஓர் அடிக்கோலும் ஒரு சனிக்கிழமைக் காலையும்தான்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமானது. “படிக்கலன்னா பட்டறைக்குத்தான் போகணும்” என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லி வளர்க்கிறார்கள். எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். படிவம் மூன்று முடிந்ததும் என் வகுப்புத் தோழன் ஒருவன் தொழிற்கல்லூரிக்குப் போனபோது நாங்கள் எல்லாரும் ‘பாவம்’ என்றோம். இன்று அந்த வார்த்தையை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பட்டறை என்பது படிக்காதவர்கள் போகும் இடமன்று. கோணமும் விகிதமும் விசையும் நாள் முழுக்கப் பயன்படும் இடம் அது. பட்டறையைத் தண்டனையாகக் காட்டி வளர்த்ததன் விளைவை என்னிடமே பார்த்தேன். கணக்குத் தெரிந்த எனக்கு நட்டைக் கழற்றத் தெரியவில்லை. நூல் பிடிக்கத் தெரிந்த மாமாவோ, தான் செய்வது வடிவியல் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மூன்று நாள் ஒரே வாசலில் உட்கார்ந்ததால் இரண்டும் சேர்ந்தன.

பல்கலைக்கழகத்துக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நானே அங்கேதான் படிக்கிறேன். போகிறவர்கள் கையையும் கூட அழைத்துப் போகட்டும் என்கிறேன். தொழிற்கல்லூரிக்குப் போகிறவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவதை நிறுத்துவோம் என்கிறேன். தமிழ்ப்பள்ளிகளில் கோணம் நடத்தும் நாளன்று ஒரு கொத்தனாரையோ ஒரு மெக்கானிக்கையோ வகுப்புக்கு அழைத்தால் எப்படி இருக்கும்? பெற்றோரிலேயே அப்படிப்பட்டவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒரு பிள்ளை தன் அப்பாவை வகுப்பின் முன்னால் ஆசிரியராகப் பார்க்கும். அதற்குப் பணச் செலவு இல்லை. தலைமையாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இதை எண்ணிப் பார்க்கலாம்.

அப்பா இப்போது மறுபடி நெடுஞ்சாலையில் ஓட்டுகிறார். சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று ஈப்போ வரை போய் வந்தார். ஸ்டீரிங் நேராக நின்றது. “காடி நல்லா போவுது” என்றார், அவ்வளவுதான். ஆனால், அன்று இரவு மாமாவுக்குத் தொலைபேசியில் பேசும்போது, “கோளாறு என் கையில இல்ல, தெரியும்ல?” என்று சொன்னது எனக்குக் கேட்டது.

நண்பர்களே, இந்த வாரம் உங்கள் வீட்டு வண்டி நிறுத்தியிருக்கும்போது பின் டயரின் உள் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். டயர் சூடாக இல்லாதபோது செய்யுங்கள். ஒரு ஓரம் வழுக்கையாக இருந்தால் அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லுங்கள். பட்டறைக்குப் போகும்போது நீங்களும் கூடப் போய், “பின் சக்கரத்தையும் அளந்தீர்களா? அளவு என்ன?” என்று மரியாதையோடு கேளுங்கள். ஸ்டீரிங் ஏன் சாய்கிறது என்று தெரிவதற்கு முன்பே அதைப் பிடித்திருப்பவரைக் குறை சொல்லிவிடாதீர்கள்.